ஏஐயிடம் சோதனை எழுதக் கேட்கும்போது நேரே கோடா, முதலில் காட்சியா?

நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகு பதியும் செயலி என்று வையுங்கள். பயனர் கதை (பயனருக்கு என்ன வேண்டும் என்று சொல்லும் ஒரு வரி): "ஒரு படகில் 10 பேர் வரை பதியலாம்."

ஏஐயிடம் நேரே பிளேரைட் (உலாவியைத் தானே இயக்கிச் செயலியைச் சோதிக்கும் கருவி) கோட் கேட்டால் நிமிடங்களில் வந்துவிடும். ஆனால் கதையில் இல்லாததை அது ஊகித்து நிரப்பும்: பொத்தானின் பெயர், பிழைச்செய்தி, கைக்குழந்தையும் கணக்கா என்பது. செயலியின் கோடையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் மோசம். 11ஆவது ஆளை ஏற்கும் பிழையையே சரியென்று எடுத்து, சோதனை பச்சை (தேர்ச்சி) காட்டும்.

முதலில் கெர்கின் காட்சிகள் கேளுங்கள். எந்த நிலையில் செயலி என்ன செய்ய வேண்டும் என்பதைச் சாதாரண மொழியில் எழுதும் வடிவம் கெர்கின். அதில் தமிழ்ச் சொற்களே உண்டு: கொடுக்கப்பட்ட, எப்போது, அப்பொழுது. படகுக்காரரே வாசித்து, "குழந்தையும் ஓராள்தான்" என்று திருத்தலாம். 0, 1, 10, 11 பேர் என்ற எல்லை எண்கள் நான்கையும், கடைசி இருக்கையை இருவர் ஒரே நேரத்தில் பதிவதையும் சேர்த்த பிறகே கோட். காட்சியின் ஒவ்வொரு வரியையும் கோடோடு இணைக்கும் படிகளைப் பராமரிப்பது கூடுதல் வேலைதான். உள்நுழைவுப் பக்கம் போன்ற எளியதற்குக் காட்சிகள் தேவையில்லை.