முதல் வால்வு ஆம்ப்: நான் ஏன் இஎல்84 பக்கம் சாய்ந்தேன்

முதல் தடவை ஸ்விட்சைப் போட்டு, புகை எதுவும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, ஒரு கச்சேரிப் பதிவை ஓடவிட்டேன். பாட்டு வந்தது, வயலின் வந்தது. மிருதங்கத்தில் வலந்தலை மட்டும் டக் டக்கென்று கேட்டது. இடது பக்கத் தொப்பியை, அந்தக் கனத்த நாதத்தைக் காணோம். தொப்பியில் இழைந்து வரும் கும்கி விழ வேண்டிய இடத்திலெல்லாம் யாரோ அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல ஒரு சத்தம். எந்த வால்வு (ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்) நல்லது என்று மூன்று மாதம் டேட்டாஷீட் படித்து மண்டையை உடைத்துக்கொண்டவனுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். தப்பு வால்வில் இல்லை என்று புரிய இன்னும் இரண்டு வாரம் ஆனது.

முதல் ஆம்ப்ளிஃபயருக்கு எந்த சர்க்யூட் என்று இப்போது என்னிடம் யாராவது கேட்டால், தயங்காமல் இஎல்84 சிங்கிள் எண்டட், அதாவது ஒரு சேனலுக்கு ஒரே ஒரு இஎல்84 பவர் வால்வு, என்றுதான் சொல்வேன். அந்த வால்வு மற்றதைவிட இனிமையாகப் பாடும் என்பதற்காகச் சொல்லவில்லை. நம் ஊரில் சுற்றி வாங்கும் டிரான்ஸ்ஃபார்மரின் குறைகளை அது பொறுத்துக்கொள்கிறது, அதற்காக. அந்த இரும்புக் கதைக்குப் போவதற்கு முன் போட்டியில் இருந்த மற்றவர்களை ஒரு நடை பார்த்துவிடலாம்.

300பி-யை முதலிலேயே ஓரங்கட்டினேன். வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 1930-களில் கொண்டுவந்த டிரையோட், அதாவது மூன்று மின்முனை வால்வு. பெயரைச் சொன்னாலே சிலர் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஒரு ஜோடி வாங்கும் காசில் என் ஆம்ப்ளிஃபயர் முழுதும் முடிந்துவிடும். சூடேற்றும் 5 வோல்ட் ஃபிலமென்ட்டே எலக்ட்ரானை உமிழும் கேத்தோடாகவும் வேலை செய்வதால் ஹம்மை, அந்த 'ம்ம்' இரைச்சலை, அடக்குவது தனி வித்தை. நான் ஒரே ஒரு முறை, நண்பர் வீட்டில், அரை மணி நேரம் கேட்டிருக்கிறேன். நன்றாகத்தான் இருந்தது. அவருடைய ஸ்பீக்கரும் வேறு, அறையும் வேறு என்பதால் அந்த அரை மணி நேரத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது புஷ் புல், இரண்டு பவர் வால்வுகள் எதிரெதிராக வேலை செய்யும் அமைப்பு. 1950-களில் மல்லார்ட் வெளியிட்ட 5-10 சர்க்யூட் இதற்குப் பேர்போனது: ஒரு சேனலுக்கு இரண்டு இஎல்84, 10 வாட். காகிதத்தில் பார்த்தால் இதுதான் புத்திசாலித்தனமான தேர்வு. இரண்டு வால்வின் டிசி-யும் டிரான்ஸ்ஃபார்மருக்குள் எதிரெதிராக ஓடி ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பவர் சப்ளையின் ஹம்மும் பெரும்பாலும் அப்படியே போய்விடும். ஆனால் ஸ்டீரியோவுக்கு நாலு பவர் வால்வு, சிக்னலை எதிரெதிரான இரண்டாகப் பிரிக்கும் ஃபேஸ் ஸ்ப்ளிட்டர், இரண்டு பாதியும் சமமாக அடுக்கடுக்காகச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் என்று வேலை ஏறிக்கொண்டே போகும். அந்த டிரான்ஸ்ஃபார்மர் சரியில்லை என்றால் ஃபீட்பேக் (வெளிவரும் சிக்னலில் கொஞ்சத்தை உள்ளே திருப்பிக் கொடுத்துத் திருத்துவது) போட்டதும் ஆம்ப்ளிஃபயர் தானாகவே ஊளையிடும் ஆசிலேட்டராகிவிடும். காதுக்குக் கேட்காத உயரத்தில் அது அலறுவதைக் கண்டுபிடிக்க ஆசிலாஸ்கோப் வேண்டும். முதல் முயற்சிக்கு வேண்டாம். இரண்டாவதாக நானும் இதைத்தான் கட்டப் போகிறேன், அது வேறு விஷயம்.

இசிஎல்82-க்குத்தான் நான் கிட்டத்தட்ட விழுந்திருந்தேன். ஒரே கண்ணாடிக்குள் ஒரு டிரையோடும் ஒரு பவர் பென்டோடும் (ஐந்து மின்முனை வால்வு). ஒரு சேனலுக்கு ஒரே வால்வு. நான்கு ரெசிஸ்டர், நான்கு கண்டென்சர், வேலை முடிந்தது. பழைய ரெக்கார்டு பிளேயர்கள் பலவற்றில் இந்தக் குடும்பம்தான் இருந்தது. 3 வாட்டுக்குக் கொஞ்சம் மேலே தரும். சிக்கல் என்னவென்றால் பென்டோடின் பிளேட் (எலக்ட்ரான்கள் வந்து சேரும் தகடு) 7 வாட்டுக்கு மேல் தாங்காது. 200 வோல்ட், 35 மில்லி ஆம்பியர் என்றால் அதோடு கணக்கு தீர்ந்தது. சுலபமாகக் கிடைக்கும் 230 வோல்ட் வைண்டிங்கைப் பிரிட்ஜ் போட்டு நேராக்கினால் 325 வருகிறது. நூறு வோல்ட்டுக்கு மேல் ரெசிஸ்டரில் எரித்து வீணாக்க வேண்டும். பாதி செத்தாலும் முழு வால்வையும் தூக்கிப்போட வேண்டும் என்பது இன்னொரு எரிச்சல். இஎல்84 செத்தால் வேறு கிடைக்குமா என்ற கவலை இல்லை. வாக்ஸ் ஏசி30 மாதிரியான கிட்டார் ஆம்ப்ளிஃபயர்கள் அதை உயிரோடு வைத்திருக்கின்றன, புதிதாக இன்றும் செய்கிறார்கள். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் செய்த பெல் முத்திரை இஎல்84-ம் பழைய ரேடியோ மெக்கானிக்குகளின் டப்பாவில் இருக்கும். என்னுடையதில் ஒரு ஜோடி அதுதான்.

6வி6 நல்ல வால்வு. எட்டுக் கால், தடித்த சாக்கெட், சால்டர் வைக்கத் தாராளமான இடம். கை நடுங்குகிறவர்களுக்கு இதுவே மேல் என்றுகூடச் சொல்வேன். ஆனால் அதை முழுதாக ஓட்ட கிரிட்டில் (சிக்னல் நுழையும் மின்முனை) 12 வோல்ட்டுக்கு மேல் உச்சம் கொடுக்க வேண்டும்; இஎல்84-க்கு அதில் பாதி போதும். ஒரே டிரைவர் வால்வை வைத்துக்கொண்டு கட்டும்போது மிச்சமாகும் அந்த கெயினை, அதாவது பெருக்கத்தை, ஃபீட்பேக்குக்குக் கொடுக்கலாம். அந்த ஃபீட்பேக்தான் மட்டமான இரும்பைக் கொஞ்சம் ஒப்பேற்றுகிறது.

இப்போது இரும்பு.

வால்வுக்கு 5,000 ஓம் போல ஒரு சுமை வேண்டும். ஸ்பீக்கர் 8 ஓம். நடுவில் உட்கார்ந்து இரண்டையும் சேர்த்து வைப்பது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். 5,000-ஐ 8-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 25. அதாவது பிரைமரியில் (வால்வுப் பக்கம்) 2,000 சுற்று என்றால் செகண்டரியில் (ஸ்பீக்கர் பக்கம்) 80. இவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன். 230-க்கு 9 வோல்ட் சாதா டிரான்ஸ்ஃபார்மரும் கிட்டத்தட்ட இதே விகிதம்தானே, அதையே மாட்டிவிட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது.

வெளிநாட்டில் ஹேமண்ட் மாதிரியான கம்பெனிகள் இதற்கென்றே விற்கிறார்கள். கிலோ கணக்கில் இரும்பு. கப்பல் கூலியும் சுங்கமும் சேர்ந்தால் சரக்கின் விலையைத் தொட்டுவிடும். அதனால் ரிச்சி தெருவில் பாதி சாமான் வாங்கிவிட்டு, டிரான்ஸ்ஃபார்மரை ஒரு வைண்டிங் கடையில் சொல்லிச் சுற்றினேன். கடைக்காரர் கெட்டிக்காரர், 36 கேஜ் கம்பியைக் கண்ணை மூடிக்கொண்டு சுற்றுவார். ஸ்டெபிலைசர், யூபிஎஸ் என்று வருஷக்கணக்காகச் செய்த கை. சுற்றி முடித்ததும் எல்சிஆர் மீட்டரை மாட்டிக் காட்டினார். பிரைமரியின் இண்டக்டன்ஸ் (மாறும் மின்னோட்டத்தைச் சுருள் எதிர்க்கும் திறன்) 30 ஹென்றிக்குப் பக்கத்தில். "சார், இதுக்கு மேல யாரும் தர மாட்டாங்க" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த 30 ஹென்றி, டிசி ஓடாதபோது மட்டும். சிங்கிள் எண்டட் ஆம்ப்ளிஃபயரில் பிரைமரி வழியாக எந்நேரமும் 48 மில்லி ஆம்பியர் ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அது சுருளுக்கு நடுவே இருக்கும் இரும்புக் கோரை (core) ஒரு பக்கமாகக் காந்தமாக்கி, நிரம்ப வைத்துவிடுகிறது. நிரம்பிய கோருக்கு இண்டக்டன்ஸ் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. முதலில் போவது கீழ் ஸ்தாயி. தொப்பி அப்படித்தான் போனது. இதற்கு மருந்து, கோரில் வேண்டுமென்றே ஒரு சின்ன இடைவெளி விடுவது. கடைக்காரர் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மருக்குச் செய்வது போல ஸ்டாம்பிங்குகளை (கோரின் மெல்லிய இரும்புத் தகடுகளை) மாற்றி மாற்றிக் கோத்து, இடைவெளியே இல்லாமல் இறுக்கி வார்னிஷ் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, நான் சொல்லவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது. வெந்நீரில் கொஞ்சம் இளகவைத்து, வெண்ணெய்க் கத்தியால் முதல் ஸ்டாம்பிங்கை நெம்பி எடுத்தேன். முதல் நாலைந்து கோணிக்கொண்டன, அப்புறம் ஒழுங்காக வந்தன. நன்றாகக் காயவைத்து, 'இ' வடிவத் தகடுகள் அத்தனையையும் ஒரே பக்கமாகச் செருகி, 'ஐ' தகடுகளை மொத்தமாக மறுபக்கம் வைத்து, நடுவில் ஜெராக்ஸ் தாள் ஒன்று வைத்து இறுக்கினேன். தாளின் தடிமன் பத்தில் ஒரு மில்லிமீட்டர் இருக்கும். மறுபடி மீட்டரை மாட்டினால் எண் பாதிக்கும் கீழே, 13 ஹென்றிக்கு இறங்கிவிட்டது. கெடுத்துவிட்டோம் என்றே நினைத்தேன். மாட்டிக் கேட்டால் தொப்பி வந்து உட்கார்ந்திருக்கிறது.

முழுதாக அல்ல. இங்கேதான் இஎல்84 கைகொடுத்தது. பென்டோடாக ஓட்டும்போது 13 ஹென்றிக்கும் 5,000 ஓமுக்கும் கணக்குப் போட்டால் 60 ஹெர்ட்ஸ் வாக்கிலேயே சரிய ஆரம்பிக்கிறது. 9-ஆம் காலை (ஸ்கிரீன் கிரிட்) 100 ஓம் வழியாக 7-ஆம் காலோடு (பிளேட்) சேர்த்துவிட்டால் அதே வால்வு டிரையோடாகிவிடும். உள் மின்தடை 2,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடுகிறது; அதே டிரான்ஸ்ஃபார்மர் 20 ஹெர்ட்ஸுக்கும் கீழே வரை தாக்குப்பிடிக்கும். விலை என்னவென்றால் 5.7 வாட் கொடுக்க வேண்டிய வால்வு 2 வாட்டோடு நின்றுவிடும். என் அறை பத்துக்குப் பன்னிரண்டு, ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு 90 டெசிபல். 2 வாட்டே ராத்திரியில் அதிகம். 85 டெசிபல் புத்தக அலமாரி ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் பென்டோடாக விட்டுவிட்டு ஃபீட்பேக் போடுவதுதான் நல்லது. நான் இரண்டையும் ஸ்விட்ச் வைத்து மாற்றிக் கேட்கிறேன், ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டுத்தான். (ஃபீட்பேக்கை முதலில் இணைக்கும்போது ஆம்ப் ஊளையிட்டால் பயப்பட வேண்டாம், பிரைமரியின் இரண்டு வயர்களை மாற்றிப் போட்டால் அடங்கிவிடும்.)

ஆக, வைண்டிங் கடைக்குப் போகிறவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டியது: 5,000-க்கு 8 ஓம், 50 மில்லி ஆம்பியர் டிசி ஓடும், கோரில் இடைவெளி (கேப்) வேண்டும், மாற்றிக் கோக்கக் கூடாது, நான் சொல்லும் வரை வார்னிஷ் வேண்டாம். விகிதத்தைச் சரிபார்க்க, வால்வைச் சூடேற்றும் ஹீட்டர் வைண்டிங்கின் 6.3 வோல்ட்டைப் பிரைமரியில் கொடுங்கள். செகண்டரியில் கால் வோல்ட் வந்தால் சரி. தலைகீழாகக் கொடுத்துவிட வேண்டாம், மறுமுனையில் 150-க்கு மேல் நிற்கும்.

மிச்ச சாமான்கள் சுலபம். 230-க்கு 230 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், அதிலேயே 6.3 வோல்ட் 3 ஆம்பியர் ஒன்று, நாலு 1என்4007 டையோடு, 450 வோல்ட் கண்டென்சர்கள், முன்னால் டிரைவர் வால்வாக ஒரு இசிசி83. கேத்தோடில் 135 ஓம் போட்டு அதன் குறுக்கே 7 வோல்ட் வந்தால் வால்வு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. வால்வின் கெயின் அதிகம் என்பதால் 2-ஆம் காலில் ஒட்டினாற்போல் ஒரு கிரிட் ரெசிஸ்டர் கட்டாயம். ஸ்பீக்கர் இல்லாமல் சத்தத்தை ஏற்றக் கூடாது. பிரைமரியில் எகிறும் வோல்ட்டேஜ் இன்சுலேஷனையே ஓட்டை போட்டுவிடும்.

எச்.டி. (ஹை டென்ஷன், வால்வுக்குப் போகும் உயர் வோல்ட்டேஜ்) 300 வோல்ட்டுக்கு மேல். ரப்பர் செருப்பு, ஒரு கை பாக்கெட்டில் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அதோடு கண்டென்சருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் கட்டுங்கள். அணைத்து இரண்டு நிமிடத்தில் சார்ஜ் வடிந்துவிடும். வடிந்ததா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை.

இன்னொரு கணக்கும் இதில் இருக்கிறது. 5,000 ஓம், 50 மில்லி ஆம்பியர், 250 வோல்ட் என்பது 6வி6-க்கும் அப்படியே பொருந்தும். பிறகு மனம் மாறினாலும் காசு கொடுத்த இரும்பு வீணாகாது. 300பி-க்கென்றோ புஷ் புல்லுக்கென்றோ சுற்றியதை இவ்வளவு சுலபமாக மாற்றிக்கொள்ள முடியாது. அதனால் சேசியில் (ஆம்பின் உலோகப் பெட்டி) இஎல்84-இன் ஒன்பது கால் நோவல் சாக்கெட்டுக்கான 22 மில்லிமீட்டர் துளையைப் போடவில்லை. 6வி6-இன் எட்டுக் கால் ஆக்டல் சாக்கெட் அளவுக்குப் பெரிதாக வெட்டி, மேலே ஒரு அலுமினியத் தகட்டை ஸ்க்ரூ போட்டு, அதில் இஎல்84-ஐ உட்கார வைத்திருக்கிறேன். 6வி6 ஜோடி ஒன்று தினத்தாளில் சுற்றி மேஜை டிராயரில் கிடக்கிறது, பக்கத்திலேயே அவற்றின் கேத்தோடுக்கு இரண்டு 270 ஓம் ரெசிஸ்டர்களும்.