நெத்திலியா, சூடையா: வாயையும் வயிற்றையும் பாருங்கள்

காரைக்குடிச் சந்தையில் பொடி மீன் என்று கூறு கட்டி வைத்திருப்பதில் நெத்திலியும் சூடைக் குஞ்சும் கலந்து கிடப்பது சாதாரணம். தொண்டி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கமிருந்து வருபவை. இரண்டுமே கரையோரம் கூட்டங்கூட்டமாகத் திரிகிற மீன்கள். "எல்லாம் ஒண்ணுதான் ஆச்சி, அள்ளிப் போடவா?" என்பார் விற்பவர். ஒன்றே இல்லை.

விலாவில் வெள்ளிப் பட்டை ஓடினால் நெத்திலி என்று பலரும் முடிவுகட்டுகிறார்கள். பட்டை இருப்பது உண்மை. ஆனால் சூடையில் ஒரு வகைக்கும் விலாவில் பொன்னிறக் கோடு உண்டு. ஐஸில் கிடந்து நிறம் மங்கிவிட்டால், அவசரத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அதனால் வாயைப் பாருங்கள். நெத்திலிக்கு மூக்கு முன்னால் துருத்தியிருக்கும், கீழ்த்தாடை உள்ளடங்கியிருக்கும். வாய்ப்பிளவு கண்ணையும் தாண்டிப் போகும். சூடைக்கு முகத்தின் நுனியில் சின்ன வாய், அவ்வளவுதான். இன்னும் சந்தேகமா? வாலிலிருந்து தலைப்பக்கமாக அடிவயிற்றில் விரலை ஓட்டுங்கள். சூடையென்றால் அரம் மாதிரி பிறாண்டும். நெத்திலிக்கு வயிற்றின் முன்பக்கம் சில ஊசிமுள்ளோடு சரி, பின்பக்கம் வழவழப்பு.

காரல் என்ற இன்னொரு பொடி மீனை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். தட்டையான அகல உடம்பு, கொழகொழப்பு, குழாய்போல நீளும் வாய், பார்த்ததுமே தெரிந்துவிடும்.

அடுப்படியில் வறுவலுக்கு நெத்திலிதான். தலையைக் கிள்ளினால் குடலும் கூடவே வரும், முள்ளோடு மெல்லலாம், சாம்பார் சோற்றுக்கு இதைவிட வெஞ்சனம் வேண்டாம். சூடைக்குச் செதில் உரசி, வயிறு கீறி, முள் பார்த்துச் சாப்பிட வேண்டும். இருந்தாலும் சின்ன வெங்காயமும் பூண்டும் தாராளமாகப் போட்டு நல்லெண்ணெயில் வைக்கும் புளிக்குழம்புக்கு என் ஓட்டு சூடைக்கே. மத்தி இனமல்லவா, மணம் கனமாக இறங்கும். நெத்திலியைக் குழம்பில் போட்டுக் கரண்டியால் கிண்டினால் உதிர்ந்துவிடும். முள்ளுக்குப் பயந்து சூடையை ஒதுக்குகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் சண்டையே உண்டு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. பெரிய மீன் விலை ஏறும் அந்த 61 நாளும், நாட்டுப்படகில் வரும் இந்தப் பொடி மீன்களை விட்டுவிடாதீர்கள்.

கலந்த கூறு மலிவாகக் கிடைத்தால் குழம்புக்கு வாங்கலாம். வறுவலுக்கு வேண்டாம், சூடை வேகிறதற்குள் நெத்திலி கருகிவிடும்.