143 ஓடைகளோடு குடிமாற்றம்: ஃபீட்லியா, இனோரீடரா?

பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டிய கூகுள் ரீடரை 2013 ஜூலை 1 அன்று மூடியபோது, மூட்டை முடிச்சோடு அதே வேலையைச் செய்யும் ஃபீட்லிக்குப் போனவர்களில் நானும் ஒருவன். அந்த மார்ச்சில் மூடுவிழா அறிவிப்பு வந்த 48 மணி நேரத்திலேயே 5 லட்சம் பேர் புதிதாக வந்து சேர்ந்ததாக ஃபீட்லி சொன்னது. பத்து வருடத்துக்கு மேல் அங்கே குடியிருந்துவிட்டு, கட்டணச் சந்தாவை நிறுத்தலாமா என்று யோசித்தபோதுதான் வேறு வீடு தேட ஆரம்பித்தேன்.

முதலில் கணக்கு. என்னிடம் 143 செய்தியோடைகள், அதாவது ஒரு தளத்தின் புதிய பதிவுகளைத் தானாகக் கொண்டுவந்து சேர்க்கும் இணைப்புகள். இலவசக் கணக்கில் ஃபீட்லி 100-தான் தரும், அதே வகைச் சேவைகளான இனோரீடர் 150, நியூஸ்பிளர் 64. ஆக, காசு கொடுக்காமல் அப்படியே குடியேற இடமிருந்தது இனோரீடரில் மட்டும்தான். அதற்கு வாடகையாக நடுநடுவே விளம்பரம் பார்க்க வேண்டும்.

பார்வைக்கு ஃபீட்லிதான் அழகு. படம், தாராளமான வெள்ளையிடம் என்று வார இதழைப் புரட்டுவது போலிருக்கும். இனோரீடரோ கணக்குப்பிள்ளையின் பேரேடு. ஆனால் காலையில் காபி ஆறுவதற்குள் இருநூறு தலைப்பை மேய்கிறவனுக்குப் பேரேடுதான் தோது. ஜே, கே விசைகளைத் தட்டி அடுத்ததற்கும் முந்தையதற்கும் போகும் கூகுள் ரீடர் காலத்துப் பழக்கம் இரண்டிலும் செல்லுபடியாகிறது. ஃபீட்லியின் கவனம் இப்போது இணையப் பாதுகாப்பு மிரட்டல்களையும் சந்தை நிலவரத்தையும் கண்காணிக்கும் நிறுவனங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது. சும்மா வலைப்பூ படிக்கிற எனக்கு அதில் வேலையில்லை.

மாறுவது சுலபம் என்பார்கள். பாதி உண்மை. பழைய இடத்தில் ஓபிஎம்எல் என்ற ஓடைப் பட்டியல் கோப்பை இறக்கி, புதிய இடத்தில் ஏற்றினால் போதும். இரண்டு நிமிட வேலை. அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள்: ஒவ்வொரு வரியிலும் தளத்தின் பெயர், ஓடையின் முகவரி, எந்தக் கோப்புறையில் இருந்தது என்ற விவரம். அவ்வளவுதான். எதைப் படித்தோம், எதைப் பிறகு படிக்கலாம் என்று எடுத்து வைத்தோம் என்பதெல்லாம் அதில் வராது. நான் எடுத்து வைத்திருந்தவை இருநூறுக்கு மேல். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து புத்தகக்குறி போட்டேன். கால்வாசிச் சுட்டிகள் திறக்கவே இல்லை.

இனோரீடரில் ஏற்றி முடித்ததும் களையெடுப்பு. முகவரியே செத்துப்போன ஓடைகள் 38. அது போக, ஓடை உயிரோடு இருக்கும், எழுதுகிறவரைத்தான் காணோம் என்ற ரகமும் உண்டு. ஒரு சமையல் வலைப்பூவின் கடைசிப் பதிவு 2015-இல் 'மீதியை அடுத்த வாரம் சொல்கிறேன்' என்று நிற்கிறது. அதை நீக்க மனம் வரவில்லை. 143-இல் 38 போக மிச்சம் 105. அட, இன்னும் ஐந்தைப் பிடுங்கியிருந்தால் பழைய வீட்டிலேயே இலவசமாக இருந்திருக்கலாம்! உங்கள் பட்டியலையும் முதலில் களையெடுத்துவிட்டு, அப்புறம் மாறுவதைப் பற்றி யோசியுங்கள்.

நியூஸ்பிளரை ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். இந்த எழுத்தாளர் பிடிக்கும், தலைப்பில் இந்தச் சொல் வந்தால் வேண்டாம் என்று நாமே அதற்குப் பழக்கலாம். நல்ல யோசனைதான். 64-க்குள் அடங்குகிறவர்கள் முயலலாம்.

சொந்தமாக சர்வர் வைத்திருப்பவர்களுக்கு, அதில் நிறுவிக்கொள்ளும் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் என்ற ஓடை வாசிப்பான் இருக்கிறது. திறமூல மென்பொருள், எத்தனை ஓடை என்று யாரும் கேட்கப்போவதில்லை. அதை நெட்நியூஸ்வயர் போன்ற ஓடை படிக்கும் செயலிகளோடு இணைக்க உதவுவது கூகுள் ரீடரின் பழைய ஏபிஐ வடிவம், அதாவது மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறை. கடையை மூடி இத்தனை வருடமாகியும் அந்தக் கடையின் சாவி இன்னும் பல கதவுகளைத் திறக்கிறது. அடுத்த தடவை குடிமாறினால் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் பக்கம்தான் போவேன். இப்போதைக்கு சர்வர் பராமரிக்கப் பொறுமையில்லை.