வெண்கலப் படகும் மரச் சிலுவையும்

வத்திக்கானின் புனித பேதுரு சதுக்கத்தில் 2019-இல் போப் பிரான்சிஸ் திறந்து வைத்த வெண்கலப் படகில் 140 உருவங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. கனடாச் சிற்பி திமோத்தி ஷ்மால்ஸின் படைப்பு. நாஜிகளிடமிருந்து தப்பிய யூதர், சிரிய அகதி, கூட்டத்தின் நடுவே மேலெழும் தேவதைச் சிறகுகள் என்று பார்ப்பவரை மலைக்க வைக்கிறது.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் லம்பெதூசா சிலுவையோ சிறியது. அந்த இத்தாலியத் தீவின் தச்சர் பிரான்செஸ்கோ தூச்சோ, 2013-இல் அகதிகளோடு விபத்துக்குள்ளான படகின் பலகைகளால் செய்தது. உரிந்த பெயின்ட் கூட அப்படியே இருக்கிறது.

என் மனம் சிலுவையின் பக்கமே சாய்கிறது. எல்லாக் காலத்து அகதிகளையும் ஒரே படகில் ஏற்றும்போது எந்தத் துயரமும் தனியாகத் தெரிவதில்லை. தூச்சோவின் பலகை அந்தப் படகு விபத்துக்குள்ளான கடலிலேயே நனைந்தது. ஆனாலும் திருப்பயணிகளின் வழியிலேயே நிற்பது ஷ்மால்ஸின் படகுதான். அருங்காட்சியகச் சிலுவைக்கு அந்த வாய்ப்பில்லை.