தனியாகச் செய்வதா, உரிமம் வாங்குவதா, பல்கலைக்கழகத்தோடு சேருவதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பட்டறை இருக்கிறது. அப்பா காலத்தில் ரப்பர் ஷீட் உருட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்த்துக் கொடுத்தோம். இப்போது அண்ணனும் நானும் சிறுதோட்டக்காரர்களுக்கு வேண்டிய தள்ளுவண்டி, டிரெய்லர், உரம் கலக்கும் டிரம் என்று செய்து விற்கிறோம். மரக்கழிவையும் பாமாயில் தரும் செம்பனையின் கழிவையும் மண்ணில் இடும் பயோசார் கரியாக மாற்றும் உலை ஒன்றைச் செய்யலாம் என்று இறங்கியபோது மூன்று வழிகள் இருந்தன. ஆய்வுக் கட்டுரையைப் படித்து நாமே செய்துகொள்வது ஒன்று. காப்புரிமை உள்ள தொழில்நுட்பத்துக்கு உரிமம் வாங்குவது இன்னொன்று. பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உழைத்து, கிடைத்த முடிவுகளை எல்லாருக்கும் திறந்து வைப்பது மூன்றாவது. நாங்கள் மூன்றாவது வழியில் போனோம். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அது எல்லாருக்கும் பொருந்தாது. யாருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் வழிக்கு உள்ள கவர்ச்சி எளிதில் புரியும். கோன்-டிக்கி என்ற உலையை 2014-இல் சுவிட்சர்லாந்தின் இத்தாகா ஆய்வு நிறுவனத்தில் ஹான்ஸ்-பீட்டர் ஷ்மிட்டும் அவரோடு இருந்தவர்களும் உருவாக்கினார்கள். வடிவமைப்பை அவர்கள் பூட்டி வைக்கவில்லை. மூடி இல்லாத, கூம்பு வடிவ எஃகுத் தொட்டி, அவ்வளவுதான். அடியில் தீ மூட்டி, எரிய எரிய மேலே அடுக்கிக்கொண்டே போக வேண்டும். மேல் அடுக்கின் தீ, கீழிருந்து எழும் வாயுவையும் புகையையும் தின்றுவிடும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் கீழே இறங்காமல் அங்கேயே தீர்ந்துவிடும். அதனால் அடியில் கிடப்பது சாம்பலாகாமல் கரியாகிறது. கடைசியில் தண்ணீர் விட்டு அணைத்தால் வேலை முடிந்தது.

இந்த உலைகளை நேபாளத்தில் சோதித்து, 2016-இல் பிளாஸ் ஒன் இதழில் ஒரு கட்டுரை வந்தது. உலையின் வெப்பம் ஏறத்தாழ 680 முதல் 750 டிகிரி செல்சியஸ், போட்ட உலர்ந்த பொருளின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கரி, எந்த வாயு எவ்வளவு வெளியேறுகிறது என்ற அளவீடு, எல்லாம் அதில் இருக்கின்றன. காசு கட்டாமல் படிக்கலாம். எழுதியவர்களின் பெயரைச் சொன்னால் போதும், அதிலுள்ள படத்தையும் தரவையும் வியாபாரத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

இரும்பு வெட்டவும் வெல்டிங் வைக்கவும் தெரிந்தவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? காய்ந்த ரப்பர் மரத் துண்டு மட்டும் போடுவதாக இருந்தால் ஒன்றும் வேண்டாம்தான். தேங்காய் ஓட்டுக்கும் அதே கதை. ஆனால் எங்கள் வட்டாரத்தில் மலை மலையாகக் கிடப்பது செம்பனை ஆலையிலிருந்து வரும் வெறுங்குலை. ஆலைக்குள் போகும் பழக்குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் காய் உதிர்ந்த குலையாகத் திரும்பி வெளியே வருகிறது. புதிதாக வந்த ஒன்றை எடுத்து முறுக்கிப் பாருங்கள், கை முழுக்க ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டும். எடையில் 60 விழுக்காட்டுக்குமேல் தண்ணீர். அதை அப்படியே உலையில் போட்டால் தீ அடங்கி வெள்ளைப் புகைதான் கிளம்பும். கொட்டை ஓடு நன்றாகக் காய்ந்தது என்றாலும் ஆலைகள் அதை எரிபொருளாக விற்றுவிடுகின்றன. ஜப்பான் வரைக்கும் போகிறது. நம் விலைக்குக் கிடைக்காது.

நேபாளத்துக் கட்டுரைக்கும் எங்கள் ஊர் வெறுங்குலைக்கும் நடுவே இருந்த இடைவெளி இதுதான். புதுமை என்று சொல்கிறோமே, அது பெரும்பாலும் இந்த இடைவெளியை அடைப்பதில்தான் இருக்கிறது. எவ்வளவு நறுக்க வேண்டும், எவ்வளவு பிழிய வேண்டும், எந்த ஈரத்தில் உலை ஏற்றுக்கொள்ளும், தொட்டியின் அகலம் மாறினால் என்ன ஆகும் என்பதையெல்லாம் கணக்காகக் கண்டுபிடிக்க ஈரமானியும், வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள் கம்பியும், கரியைச் சோதிக்கும் ஆய்வுக்கூடமும் வேண்டும். பட்டறையில் இவை கிடையாது.

இன்னொன்றும் உண்டு. 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைத் தடுக்கிறது. தீ தெரிகிற தொட்டியைத் தோட்டத்தில் வைத்தால் யாராவது கேள்வி கேட்கத்தான் செய்வார்கள். அப்போது ‘எங்கோ ஒரு நாட்டில் அளந்திருக்கிறார்கள்’ என்று பதில் சொன்னால் எடுபடாது. இங்கே, இந்தப் பொருளைப் போட்டு அளந்த எண் கையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது வழியைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. வெறுங்குலையைக் கரியாக்கும் மூடிய உலை ஒன்றுக்கு எங்களிடம் உரிம ஒப்பந்த வரைவு வந்தது. முன்பணம், விற்பனையில் பங்கு, விற்றாலும் விற்காவிட்டாலும் ஆண்டுக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சத் தொகை. அதுகூடப் பரவாயில்லை. நாங்கள் செய்யும் திருத்தம் எதுவானாலும் அது உரிமம் கொடுத்தவருக்கே சொந்தம் என்று ஒரு வரி இருந்தது. கட்டுப்பாட்டுப் பெட்டியை நாங்கள் திறக்கக் கூடாது என்று இன்னொரு வரி. நல்ல முதல் உள்ள கம்பெனிக்கு, ஆலை அளவில் வேலை செய்பவர்களுக்கு, இந்த வழி நியாயமாகவே இருக்கலாம். போட்டியாளர் நுழைய முடியாது, வங்கிக்காரரும் காகிதத்தைப் பார்த்துக் கடன் கொடுப்பார். ஐந்தாறு பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அந்த ஆண்டுத் தொகை ஒன்றே போதும், மூச்சு முட்டிவிடும்.

சரி, மூன்றாவது வழி. இதற்குத்தான் நம் மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. 1925-இல் தொடங்கிய மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையம், ஏற்றுமதியாகும் ரப்பர் மீது வசூலித்த வரியில்தான் நடந்தது. பால்மரத் தொழிலே தன் ஆய்வுக்குக் காசு கொடுத்தது, முடிவுகள் திரும்பத் தோட்டங்களுக்கு வந்தன. அங்கே உருவான ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற மரவகை தாய்லாந்து வரைக்கும் பரவி நிற்கிறது.

செம்பனை வண்டின் கதையையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் தோட்டத்துப் பெண்கள் டால்க் பொடியில் கலந்த மகரந்தத்தைப் பூ பூவாக ஊதிக்கொண்டு நடந்தார்கள். செம்பனையின் மகரந்தத்தைச் சுமப்பது காற்றுதான் என்ற நம்பிக்கையே பரவலாக இருந்தது. செம்பனைத் தோட்டங்களை நடத்திய யூனிலீவர் கம்பெனியின் லெஸ்லி டேவிட்சன் அதைச் சந்தேகித்தார். பூச்சியியலாளர் ரஹ்மான் சைது கேமரூனுக்குப் போய், அங்கே மகரந்தம் சுமப்பது எலெய்டோபியஸ் கேமரூனிகஸ் என்ற சிறு வண்டு என்று கண்டறிந்தார். 1981-இல் ஜொகூரில் அதை விட்டார்கள். கம்பெனி தோட்டம், சிறுதோட்டம் என்று வண்டு வேலி பார்க்கவில்லை. நாடு முழுவதும் கையால் தூவும் வேலை போயிற்று. தோட்டக் கம்பெனியின் சந்தேகமும் ஆய்வாளரின் பொறுமையும் ஒன்றுசேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

‘அதெல்லாம் பழைய காலம்’ என்பவர்களுக்கு 2013-ஐச் சொல்வேன். மலேசியச் செம்பனை வாரியமும் அமெரிக்காவின் ஓரியன் ஜினாமிக்ஸ் கம்பெனியும் சேர்ந்து செம்பனையின் மரபணுத் தொகுப்பை நேச்சர் இதழில் வெளியிட்டன. அந்த முயற்சியின் முன்வரிசையில் இருந்தவர்களில் ஒருவர் நம்மவர், ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி. ஓட்டின் தடிமனைத் தீர்மானிக்கும் மரபணு எது என்று தெரிந்ததும், நாற்று சிறியதாக இருக்கும்போதே அது ஓடு மெலிந்து எண்ணெய் அதிகம் தரும் டெனெரா வகையா இல்லையா என்று பார்க்கும் சோதனை சந்தைக்கு வந்தது. அறிவு வெளியே வந்துவிட்டது, அதன்மேல் கட்டிய சேவைக்குக் காசும் கிடைக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை.

இனி, நாங்கள் இந்த வழியைத் தேர்ந்ததற்கு உண்மையான காரணம். பராமரிப்பு.

உலையை விற்பது ஒரு நாள் வேலை. அது தோட்டத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும். தண்ணீர் விட்டு அணைக்கும் ஒவ்வொரு முறையும் எஃகு சூட்டில் இருந்து சட்டென்று குளிர்கிறது. அடிப்பகுதி வெல்டிங் விரியும், தண்ணீர்க் குழாயின் வால்வு கரித்தூளில் அடைபடும், விளிம்பு நெளியும். அப்போது கூப்பிட்டால் யார் வருவது? தனியாகச் செய்த உலை என்றால் செய்தவன் தலையில் மட்டுமே எல்லாம் இருக்கும். உரிமம் வாங்கிய உலை என்றால் கோலாலம்பூரிலிருந்து ஆள் வர வேண்டும்.

பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தால் மட்டும் என்ன, மாணவர் பட்டம் வாங்கிப் போய்விடுவாரே என்று கேட்கலாம். மிகச் சரியான கேள்வி. கூட்டுத் திட்டங்கள் பலவற்றுக்கு வரும் நோயே இதுதான். மாணவர் போகிறார், மானியம் முடிகிறது, இயந்திரம் பட்டறையின் பின்பக்கம் தார்ப்பாய்க்குள் போய்விடுகிறது. திறந்த முறைக்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பது அதனால்தான். எங்களோடு சேர்ந்த பேராசிரியர் முதல் நாளே ஒன்றைக் கட்டாயமாக்கினார். ஒவ்வொரு முறை உலை மூட்டும்போதும் போட்ட எடை, ஈரம், தெர்மோகப்பிள் காட்டிய வெப்பம், அணைத்த நேரம், வந்த கரி, எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். எங்கள் வெல்டர் தரையில் சுண்ணக்கட்டியால் போட்ட திருத்தத்தையும் பேராசிரியரின் மாணவி படமெடுத்து, அன்று மாலையே வரைபடத்தில் ஏற்றிவிடுவார். விளிம்பில் கூடுதலாக ஒரு வளையம், அடியில் வடிகாலுக்குச் சரிவு, வால்வுக்கு முன்னால் ஒரு வலை, இவை அப்படி வந்தவைதான்.

அந்த மாணவி போனபிறகு வந்த தம்பி நோட்டையும் வரைபடத்தையும் படித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். அதைவிட முக்கியம், உலையை வாங்கிய தோட்டக்காரருக்கும் வரைபடத்தின் நகலைக் கொடுத்துவிடுகிறோம். பாகான் செராயில் இருப்பவர் அடி விரிந்தால் எங்களைத் தேடி வர வேண்டாம், பக்கத்து வெல்டிங் கடையிலேயே எந்தத் தடிமன் தகடு, எந்தக் கோணம் என்று காட்டிச் சரி செய்துகொள்ளலாம். ‘இப்படிக் கொடுத்தால் அந்தக் கடைக்காரரே உலை செய்து விற்பாரே’ என்று அண்ணன் முதலில் தயங்கினார். செய்யலாம்தான். ஆனால் வாங்க வருகிறவர்கள் விலையைக் கேட்டவுடன் அடுத்தது கேட்பது ‘பழுதானால் என்ன செய்வது?’ என்பதைத்தான். அதற்கு எங்களிடம் தெளிவான பதில் இருப்பதே விற்பனையை நடத்துகிறது.

காப்புரிமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலேசியாவில் காப்புரிமை விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள் நிற்கும். நம் கண்டுபிடிப்பை நாமே வெளியிட்டாலும் ஓர் ஆண்டுக்குள் இங்கே விண்ணப்பிக்க இடம் உண்டு. ஐரோப்பாவில் அந்தச் சலுகை கிடையாது, வெளியிட்டால் போயிற்று. எனவே ஏற்றுமதி நோக்கம் உள்ளவர்கள் கட்டுரை அனுப்புமுன் இதைப் பேசி முடித்துவிட வேண்டும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. வெளியிட்டதில் எங்களுக்குக் கிடைத்தது வேறொரு பாதுகாப்பு: நாளைக்கு வேறொருவர் அதே வளையத்துக்கும் வடிகாலுக்கும் காப்புரிமை வாங்கி எங்களையே தடுக்க முடியாது.

கஷ்டங்களும் இருந்தன. பல்கலைக்கழகத்தின் நாட்காட்டி வேறு, தோட்டத்தின் நாட்காட்டி வேறு. தேர்வுக் காலத்தில் ஆய்வுக்கூடம் பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள். புரிந்துணர்வுக் குறிப்பில் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்துக்கொள்வது எளிது. காசு, கருவி, உரிமை எல்லாம் எழுதப்படும் ஒப்பந்தத்துக்குத்தான் காலம் பிடிக்கிறது. பேராசிரியருக்குக் கட்டுரை வேண்டும், எங்களுக்கு மழைக்காலத்துக்கு முன் உலை வேண்டும். பேசிப் பேசித்தான் நடுவில் வர முடிந்தது.

எங்கள் அனுபவம் எளிய எஃகுச் சாமான் ஒன்றோடு நிற்கிறது. பெரிய மானியம் வாங்கி நடத்தியதில்லை. கரியை இட்ட மண்ணில் பல ஆண்டு விளைச்சல் எப்படி இருக்கும் என்பதையும் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். மருந்தோ மின்னணுச் சில்லோ விதையோ செய்பவர்கள் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே பரிசோதனைச் செலவே மலையளவு. உரிமமும் காப்புரிமையும் இல்லாமல் யாரும் முதல் போட மாட்டார்கள். காய்ந்த மரம் மட்டும் எரிக்கப் போகிறவர் என்றால் முதல் வழியே போதும், பல்கலைக்கழகத்தின் படியேற வேண்டியதில்லை.

சேர விரும்புகிறவர்கள் இறுதியாண்டு மாணவர் ஒருவரின் செயல்திட்டத்திலோ தொழிற்பயிற்சியிலோ தொடங்குங்கள். பெரிய ஒப்பந்தம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கையெழுத்துக்கு முன் நான்கு விஷயம் எழுத்தில் வர வேண்டும்: ஏற்கெனவே உங்கள் பட்டறையில் இருந்த அறிவு உங்களுடையது, திட்டத்தில் பிறந்ததை இருவரும் யாரிடமும் கேட்காமல் பயன்படுத்தலாம், கட்டுரை அனுப்புமுன் உங்களுக்கு ஒரு மாதமாவது படிக்கக் கொடுக்க வேண்டும், மாணவர் போவதற்குமுன் வரைபடம், நோட்டு, தரவு மூன்றும் பொதுவில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். கடைசி விஷயத்துக்கு மட்டும் தேதி போட்டுக் கேளுங்கள்.