வேட வால்: வாங்குமுன் அடியைப் பாருங்கள்

கடையில் தொங்கும் வேட வாலைப் பார்த்ததும் எல்லாருடைய கையும் முதலில் நுனிக்குத்தான் போகும். ரோமம் மெத்தென்று இருக்கிறதா, நிறம் நரிக்கு ஒத்து வருகிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்து இடுப்பில் கட்டி நாலு அடி நடந்தால் வால் ஆடாது. ஈரத்துண்டு மாதிரி இரண்டு காலுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். கோளாறு ரோமத்தில் இல்லை. பெல்ட்டோடு வால் சேரும் அந்த ஒரு சாண் இடத்தில் இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்த வால்களைத் தேடி வருபவர்கள் மூன்று ரகம். பள்ளி விழாவுக்கும் பிறந்தநாளுக்கும் பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்கள் ஒரு பக்கம். 2018-இல் ஜோஹானஸ்பர்கில் தொடங்கிய காமிக் கான் ஆஃப்ரிக்கா போன்ற படக்கதை ரசிகர் கூட்டங்களுக்கு வேடம் கட்டும் இளவட்டம் இன்னொரு பக்கம். மூன்றாவது, தெருக்கூத்தில் அனுமனும் புலியும் கட்டுகிற நம் ஆட்கள். (தெருக்கூத்துக்கு இந்த ஊரில் ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று பெயர் நிலைத்துவிட்டது.) மூவருக்கும் ஒரே வால் சரிப்படாது. பஞ்சு அடைத்த வால், உள்ளே எலும்பு வைத்த வால், மோட்டார் வால் என்று சந்தையில் மூன்று வகை இருக்கின்றன. பெரும்பாலானவர்களுக்குப் பஞ்சு வாலே போதும். ஆனால் அப்படியே வாங்கிக் கட்டினால் போதாது.

பஞ்சு வால் தானாக ஆடுவதில்லை, நடப்பவரின் இடுப்புதான் அதை ஆட்டுகிறது. ஊஞ்சலைத் தள்ளுகிறவர் அதன் தாளம் பார்த்துத் தள்ளுவது போலத்தான் இதுவும். பெரியவர் ஒருவர் சாதாரணமாக நடக்கும்போது இடதுகால் ஒன்று, வலதுகால் ஒன்று என இரண்டு எட்டுக்கும் சேர்த்துச் சுமார் 1.1 நொடி ஆகும். அதற்குள் இடுப்பு ஒருமுறை இடமும் வலமும் போய் வந்துவிடும். மேலிருந்து கீழ்வரை எடை சீராகப் பரவிய 45 செ.மீ. வால் தொங்கி ஆடினால், அது ஒருமுறை போய் வரவும் ஏறக்குறைய 1.1 நொடிதான். இரண்டு தாளமும் பொருந்துவதால் சின்ன அசைவுக்கே வால் நன்றாக வீசும். 1 மீட்டர் வாலுக்கு 1.6 நொடி பிடிக்கும். கட்டியவர் மெதுவாக, அடி அளந்து நடந்தால்தான் அது ஆடும், வேகமாக நடந்தால் குழம்பிப்போய்த் தொடையில் அடிக்கும். பிள்ளைகள் எட்டு வைப்பது வேகம் என்பதால் அவர்களுக்கு 30 செ.மீ. போதும், அதன் தாளம் 0.9 நொடி. ‘பெரிசா இருந்தா அழகு’ என்று ஆறு வயதுப் பிள்ளைக்கு 60 செ.மீ. டிராகன் வால் வாங்கித் தருபவர்கள், அது தரையில் இழுபடுவதைத்தான் பார்க்கப் போகிறார்கள்.

நுனியில் மணியோ மணலோ போட்ட வால்கள் சிலவும் வருகின்றன. எடை இருந்தால் நன்றாக ஆடும் என்று விற்கிறார்கள். பாதிதான் உண்மை. எடை நுனிக்குப் போகப் போக ஆட்டம் மெதுவாகும்: 45 செ.மீ. வாலின் எடை முழுவதும் நுனியில் இருந்தால் 1.35 நொடி ஆகிவிடும். சிறுத்தை, பூனை மாதிரி ஒல்லி வாலுக்கு அந்தச் சோம்பல் பொருந்தும். நரிக்கும் ஓநாய்க்கும் பொருந்தாது.

சரி, கடையில் எப்படிச் சோதிப்பது? வாலின் அடியை, அதாவது பெல்ட் நுழையும் பக்கத்தை, ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக் கிடைமட்டமாக நீட்டுங்கள். முதல் 8 செ.மீ. சரியாமல் நின்று, அதற்கப்புறம் வளைந்து இறங்க வேண்டும். மணிக்கட்டை இடம் வலமாக அசைத்தால் அடி முதலில் போய், நடு அதைப் பின்தொடர்ந்து, நுனி கடைசியாக வந்து சேர வேண்டும். மொத்த வாலும் ஒரே கட்டையாகத் திரும்பினால் பஞ்சைத் திணித்து அடைத்திருக்கிறார்கள். கையருகிலேயே மடிந்து விழுந்தால் அடியில் பஞ்சு போதவில்லை. தையலைப் பிரித்துக் கையால் சரிசெய்யலாம்: முதல் 8 செ.மீ. கெட்டியாக, அடுத்த 4 செ.மீ. தளர்வாக, அதன் பிறகு நடுத்தரமாக, நுனிக்குப் பேருக்குக் கொஞ்சம். கெட்டியான பகுதி வாலை உடம்பை விட்டு வெளியே தள்ளி நிறுத்தும்; தளர்வான பகுதி கீல் மாதிரி வேலை செய்யும். 50 செ.மீ. நரிவாலுக்கு 100 கிராம் பாலியெஸ்டர் பஞ்சு தாராளம். பழைய துணியைக் கிழித்து அடைக்காதீர்கள். எடை இரண்டு மூன்று மடங்காகும், வியர்வையும் குடிக்கும். டர்பனின் டிசம்பர் புழுக்கத்தில் அந்த வால் ஒரே நாளில் நாறிவிடும்.

அடுத்தது பெல்ட். மலிவு வால்களில் அடியில் ஒரே ஒரு துணி வளையம்தான் இருக்கும். அதில் பெல்ட்டை நுழைத்தால் வால் பெல்ட்டைச் சுற்றிக் கீழே சரியும், பக்கவாட்டிலும் நகரும். வளையம் குறைந்தது இரண்டு வேண்டும், அவற்றுக்கிடையே 10 செ.மீ. இடைவெளி வேண்டும். பெல்ட் 38 அல்லது 40 மி.மீ. அகல நைலான் பட்டையாக இருக்கட்டும். 25 மி.மீ. பட்டை முறுக்கிக்கொள்ளும்.

வாலின் அடிக்கும் முதுகுக்கும் நடுவில் ஒரு தட்டும் வைத்துவிட்டால் வால் வேறு ரகமாகிவிடும். 300 கிராம் வால் வெளியே நீட்டி நிற்கும்போது அதன் எடைமையம் முதுகிலிருந்து 25 செ.மீ. தள்ளி இருந்தால், 9 செ.மீ. உயரத் தட்டின் மேல்விளிம்பு பெல்ட்டைச் சுமார் 800 கிராம் விசையோடு பின்னால் இழுக்கும். தட்டு இல்லாவிட்டால் அந்த இழுப்பு முழுவதும் ஒரு கோட்டில் விழுந்து பெல்ட் புரண்டுவிடும். காய்கறி வெட்டும் பிளாஸ்டிக் பலகை ஒன்று இருந்தால் போதும்: 3 மி.மீ. தடிமனில் 12 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரம் வெட்டி, மூலைகளை உருட்டிவிட்டு, பெல்ட் போக இரண்டு செங்குத்துப் பிளவுகள் போடுங்கள். முதுகுப் பக்கம் 10 மி.மீ. ஃபோம் ஒட்டுங்கள். தட்டில் துளையிட்டு வாலின் அடித்துணியோடு சேர்த்துத் தைக்கச் சாதாரண நூல் ஆகாது, பிளாஸ்டிக் விளிம்பு அறுத்துவிடும். தூண்டில் நரம்பு போடுங்கள். கடற்கரை ஊரில் அதற்கா பஞ்சம்.

சொந்தமாகவே தைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிரே ஸ்ட்ரீட் பக்கம் துணிக்கடைகளில் ஃபர் துணி கேட்கும்போது (சாலைப் பலகையில் டாக்டர் யூசுஃப் டாடூ ஸ்ட்ரீட் என்றிருக்கும்) ரோமம் எந்தப் பக்கம் படிகிறது என்று பாருங்கள். அடியிலிருந்து நுனிக்குப் படிய வேண்டும். குறுக்கே வெட்டினால் வால் கலைந்த தலைமுடி மாதிரி நிற்கும். வெட்டுவது கத்தரிக்கோலால் அல்ல, பிளேடால், அதுவும் பின்புறத் துணியை மட்டும் கீறி. தைத்து முடித்ததும் தையலில் மாட்டிய ரோமத்தை ஊசியால் வெளியே இழுத்துவிட்டால் தையல் இருக்கும் இடமே தெரியாது.

எலும்பு வைத்த வால் தனி உலகம். அனுமன் வால் ஊசல் மாதிரி ஆடத் தேவையில்லை. மேலே சுருண்டு நின்று, குதிக்கும்போது அதிர வேண்டும். இராவணன் சபையில் வாலையே ஆசனமாகச் சுருட்டி உட்காருகிற கட்டம் இருந்தால் அதற்கென்று தனியாக ஒரு வால் செய்வதே புத்திசாலித்தனம். ஒரே வாலை எல்லாவற்றுக்கும் வளைத்தால் கம்பி முறியும். கடைகளில் வரும் ரெடிமேட் குரங்கு வால்களில் பெரும்பாலும் ஒற்றை இரும்புக் கம்பிதான். கடற்காற்றில் அது துருப்பிடித்து, வெள்ளை ரோமத்தில் காவி நிறக் கோடு விழும். 2 மி.மீ. அலுமினியக் கம்பி இரண்டை முறுக்கிப் போடுவது நல்லது. அலுமினியத்துக்கும் ஆயுசு கெட்டி இல்லை, ஒரே இடத்தில் மடிந்து மடிந்து நிமிர்ந்தால் ஒடியும். ஒடியும் இடம் பெரும்பாலும் தட்டைத் தாண்டியதும்தான். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயில் 8 செ.மீ. துண்டு வெட்டி, கம்பி தட்டிலிருந்து வெளிவரும் இடத்தில் உறையாக மாட்டுங்கள். வளைவு ஒரு புள்ளியில் விழாமல் பரவும். நுனியில் கம்பியை வளையமாகத் திருப்பி டேப் சுற்றுங்கள். சும்மா விட்டால் ரோமத்தைத் துளைத்து வெளியே வரும், பக்கத்தில் ஆடுபவரின் கண் தப்பாது.

சுருளாமல், வில் மாதிரி துள்ள வேண்டிய புலி வாலுக்குக் கம்பியே வேண்டாம். எலெக்ட்ரீஷியன் வயர் இழுக்கிற 20 மி.மீ. நெளிகுழாய் எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். வளைத்துவிட்டால் தானே நிமிரும், துருவும் பிடிக்காது. 1 மீட்டருக்கு மேலான வாலை இடுப்பு பெல்ட்டை மட்டும் நம்பிக் கட்டக் கூடாது. தோளிலிருந்து குறுக்காக இரண்டு பட்டை வேண்டும். மேல்சட்டைக்குள் மறைந்துவிடும்.

மோட்டார் வால்தான் எல்லாருக்கும் ஆசை. கைபேசியில் தட்டினால் ஆடுகிற வால், புளூடூத் மூலம். பிரிட்டனின் ‘மைடெயில்’ இந்த வகையில் பலரும் கேட்டு வரும் பெயர். ஜப்பானில் நியூரோவேர் குழுவினர் 2012-இல் மூளை அலையை வைத்து ஆடும் ‘ஷிப்போ’ வாலைக் காட்டினார்கள். கெயோ பல்கலைக்கழகத்தார் 2019-இல் காட்டிய ‘ஆர்க்’ வால் கடல்குதிரையைப் பார்த்துச் செய்தது, காற்றழுத்தத் தசையால் இயங்குவது. அது வேடத்துக்கு அல்ல, உடம்பின் சமநிலைக்கு.

மோட்டார் வாலை வாங்குமுன் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். 300 கிராம் வாலின் எடைமையம் 25 செ.மீ. தள்ளி இருந்தால், அதைத் தூக்க 7.5 கிலோ-செ.மீ. முறுக்குவிசை வேண்டும். மலிவு வால்களில் வரும் 9 கிராம் எஸ்ஜி90 சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சின்ன மோட்டார்) 4.8 வோல்ட்டில் தருவது 1.8 தான். முனகும், சூடாகும், பிளாஸ்டிக் பல் உடையும். எம்ஜி996ஆர் மாதிரி உலோகப் பல் சர்வோ அதே 4.8 வோல்ட்டில் 9.4 கிலோ-செ.மீ. வரை இழுக்கும், ஆனால் அதுவே 55 கிராம், மின்சாரமும் நிறையக் குடிக்கும். அதனால்தான் நல்ல மோட்டார் வால்கள் ஒல்லியாகவும் லேசாகவும் இருக்கின்றன. உங்களுக்குப் பிடித்த தடித்த ஃபர் துணியை அதன் மேல் மாட்டினால் ஆட்டம் பாதியாகக் குறையும். வாங்கிய உறையோடுதான் அது ஆடும் என்று தெரிந்து வாங்குங்கள்.

இன்னொன்று, நடக்கும்போது மோட்டார் ஒரு தாளமும் இடுப்பு ஒரு தாளமுமாக இழுக்கும். நின்று படம் எடுக்க, பிள்ளைகளோடு பேச, மோட்டார் வாலுக்கு ஈடு கிடையாது. கூத்து மேடைக்கு அது தண்டம். மிருதங்கத்தின் நடுவே மோட்டார் சத்தம் கேட்காது என்பது மட்டும் ஆறுதல். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் விலை, அனுப்பும் கூலி போகச் சுங்கமும் 15% மதிப்புக் கூட்டு வரியும் சேரும். உள்ளே லித்தியம் பேட்டரி இருப்பதால் கூரியர்காரர்களும் கேள்வி கேட்பார்கள். யூஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஏறும் வாலாகப் பார்த்து வாங்கினால் மின்சாரம் போகும் நேரத்தில் பவர் பேங்க் கைகொடுக்கும். நாற்காலியில் உட்காருமுன் வாலைப் பக்கவாட்டில் எடுத்துப் போடுங்கள், மேலேயே உட்கார்ந்தால் முதலில் போவது சர்வோவின் பல்தான்.

எந்த வாலானாலும் பெல்ட் பக்கிள் பிளாஸ்டிக் கிளிப்பாக இருக்கட்டும். இரும்புப் பக்கிள் கெட்டி என்பார்கள். ஆனால் வால் எஸ்கலேட்டரிலோ கார் கதவிலோ மாட்டினால் ஒரு கையால் அழுத்திக் கழற்ற முடிவது பிளாஸ்டிக் கிளிப்தான்.

கழுவுவது குளிர்ந்த தண்ணீரில், கையால், லேசான சோப்பில். தொங்கவிட்டுக் காயவைத்தால் நனைந்த பஞ்சு நுனிக்கு இறங்கிக் கட்டியாகும், படுக்கவைத்துக் காயவிடுங்கள். டிரையரில் போட்டால் ரோமம் சுருண்டு பொசுங்கும், இஸ்திரிப் பெட்டி பட்டாலும் அதே கதி. நாய்க்கு வாங்கும் கம்பிச் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலேறிச் சீவுங்கள்.

செயற்கை ரோமம் அக்ரிலிக் அல்லது பாலியெஸ்டர். தீப்பட்டால் பருத்தி மாதிரி சாம்பலாகாது, உருகித் தோலில் ஒட்டும். வால் கட்டிய பிள்ளையைக் கற்பூரத் தட்டுக்கும் தீபாவளி மத்தாப்புக்கும் பின்பக்கம் காட்டி நிற்க விடாதீர்கள். இலங்கை எரியும் கட்டத்துக்கு வால்நுனியில் ஆரஞ்சு, மஞ்சள் பட்டு ரிப்பன்களை ஒரு முழ நீளத்தில் கட்டி, மேடை ஓரத்தில் ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தால் போதும். பின்வரிசையிலிருந்து பார்த்தால் நெருப்புத்தான்.