எதிர்த்திட்டம்: டர்பைன் ஆலையில் ஒரு கிழவரின் வீம்பு

அரசு விதித்த உற்பத்தி இலக்கைவிடப் பெரிய இலக்கொன்றைத் தொழிலாளர்களே முன்வந்து ஏற்பதைச் சோவியத் ஒன்றியத்தின் முதலாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் ‘எதிர்த்திட்டம்’ என்றார்கள். அதையே தலைப்பாகக் கொண்டு, அக்டோபர் புரட்சியின் 15ஆம் ஆண்டு விழாவையொட்டி 1932 நவம்பரில் வெளிவந்த இப்படத்தை ஃபிரீத்ரிக் எர்ம்லரும் செர்கேய் யுத்கேவிச்சும் இணைந்து இயக்கினார்கள். லெனின்கிராட் ஆலையொன்றில் டர்பைன் செய்து முடிக்கும் கதைதான் என்றாலும், படத்துக்கு உயிர் வருவது பாப்சென்கோ என்ற கிழவர் திரையில் நிற்கும்போதுதான்.

புரட்சிக்கு முன்பிருந்தே பட்டறையில் உழைத்தவர். கைத்திறனில் கர்வமும் வோட்காவில் பிரியமும் குறையாதவர். தம் கைபட்ட வேலையே கெட்டுப்போனது என்பதை அவர் ஏற்க மறுக்கும் காட்சிகளில் சிரித்துக்கொண்டிருக்கும் நாம், அந்த வீம்புக்கு அடியில் இருக்கும் அவமானத்தைக் கண்டதும் சட்டென்று அடங்கிவிடுகிறோம். மௌனப்படக் காலத்தில் இயக்குநராகப் பெயர்பெற்ற விளாதிமிர் கார்தின், தமது 55ஆம் வயதில் இவ்வேடத்தை ஏற்று, ஒரு வசனத்தையும் மேடைப்பேச்சாக்காமல் நடித்திருக்கிறார்.

பாப்சென்கோவைத் திட்டித் திருத்தாமல் தோழமையால் வழிக்குக் கொண்டுவருபவர் கட்சிச் செயலாளர் வாஸ்யா. நண்பன் பாவெலின் மனைவி காத்யாவின் மீது தமக்குள்ள அன்பை வாய்திறவாமல் விழுங்கிக்கொள்ளும் இவரைப் போரிஸ் தேனின் சிரித்த முகத்தோடு நடித்திருப்பதால், சுவரொட்டிப் பொம்மையாகப் போயிருக்க வேண்டிய பாத்திரம் மனிதனாகிறது.

படம் சறுக்குவது பொறியாளர் ஸ்க்வர்த்சோவிடம். வரைபடத்தில் பிழை இருப்பதை அறிந்தே மறைக்கும் சதிகாரர் அவர். 1928இன் ஷாக்தி வழக்கிலும் 1930இன் ‘தொழில் கட்சி’ வழக்கிலும் நாசவேலைக் குற்றஞ்சாட்டிப் பொறியாளர்களைக் கூண்டில் நிறுத்திய அரசுக்கு ஏற்ற வில்லன்தான். ஆனால் அவர் நுழைந்த பிறகு கிழவரின் தவறுக்கிருந்த கனம் குறைந்துவிடுகிறது. கலைக்கு இது நட்டமே.

இசையில் அந்தக் குறையில்லை. ஆலைச் சங்கு ஊதியும் எழாத சுருள்முடிப் பெண்ணைக் குளிர்ந்த காலையில் எழுப்பும் பாட்டுக்கு 26 வயது திமீத்ரி ஷஸ்தகோவிச் அமைத்த மெட்டு, 1943இல் ஹாலிவுட் படமொன்றுவரை போய்ச் சேர்ந்தது. பாட்டின் வரிகளை எழுதிய கவிஞர் போரிஸ் கர்னீலவ் 1938இல் சுட்டுக் கொல்லப்பட்டார். பாட்டு மட்டும் அவர் பெயரின்றிச் சோவியத் மேடைகளில் தொடர்ந்து ஒலித்தது.